வலது மேல் மூலையில் ஒரு பல்

முப்பத்தோராம் நாள் நினைவு மலரின் அட்டைக்கு அப்பாவின் படம் ஒன்று தேவைப்பட்டது. கண்டியில் பாதித் தமிழ்க் குடும்பங்களின் கல்யாணங்களைப் படமெடுத்த மனிதருக்கு, வீட்டில் ஒரு நல்ல படம் இல்லை. எண்பத்து மூன்றுக் கலவரத்துக்கு முந்தியவை வீட்டோடு எரிந்துவிட்டன. பிந்தியவை அடையாள அட்டைக்கு எடுத்தவை. அவற்றில் அவர் பொலிஸில் பிடிபட்டவர் போல இருந்தார்.

ரொறொன்ரோவிலிருந்து மகேந்திரராசா மாமா ஈமெயிலில் ஒரு படம் அனுப்பினார். கூடவே மலரில் போட ஒரு பக்க அஞ்சலி. படத்தை முதலில் திறந்தேன். எங்கள் வாடகை வீட்டின் முன் அறை. பிரம்புக் கதிரையில் அப்பா. வெள்ளைச் சேட்டு, கை மடித்திருந்தது. நேராக லென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயின் ஒரு ஓரத்தில் சிரிப்பு. அவரை அவ்வளவு சரியாகக் காட்டிய படத்தை நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் அழுதேன்.

பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். யாரோ நெகட்டிவை அப்படியே, ஓரம் வெட்டாமல் ஸ்கான் செய்திருந்தார்கள். சுற்றிவரக் கறுப்புக் கரை. வலது மேல் மூலையில் அந்தக் கரைக்குள் சுவரின் வெளிச்சம் ஒரு சின்ன முக்கோணமாக ஏறி நின்றது.

அது என்னவென்று எனக்குத் தெரியும். அது ஏன் அங்கே இருக்கக்கூடாது என்பதும் தெரியும்.

அப்பாவின் பெயர் நவரட்ணராஜா. ஊர் அளவெட்டி. கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் படவரைஞராக இருந்தார். வாய்க்கால், மதகு, தாங்கு சுவர் என்று வாரம் முழுக்கக் கோடு கீறுவார். சனி ஞாயிறில் கல்யாணப் படம் எடுப்பார். தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த வருடம், ஊருக்குத் திரும்பப் புறப்பட்ட ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து நிக்கோன் எஃப்-2 கமராவை வாங்கினார். என்ன விலை கொடுத்தார் என்பதை அம்மா பத்மாதேவியிடம் கடைசிவரை சொல்லவில்லை.

அது பத்திரிகைக்காரர்கள் போருக்குக் கொண்டுபோகிற கமரா. முழுக்க இரும்பு. கழுத்தில் போட்டால் பிடரி நோகும். வெளிச்சம் அளக்கும் கருவி அதில் இல்லை. அப்பாவுக்கு அது தேவைப்படவுமில்லை. மண்டபத்துக்குள் நுழைந்ததும் அண்ணாந்து கூரையை ஒருமுறை பார்ப்பார், வளையத்தைத் திருப்புவார், அவ்வளவுதான். மழை நாளில் அதைத் தன் சேட்டுக்குள் வைத்துக்கொண்டு குடையை அதன் மேல் பிடிப்பார். அவருடைய முதுகு நனையும்.

"கலியாணம் கட்டினது என்னையோ அதையோ?" என்று அம்மா கேட்பா.

"அது குறுக்கை கதைக்காது" என்பார் அப்பா.

பிலிம் கழுவுவதும் படம் போடுவதும் லாபிர் நானாவின் ஸ்டூடியோவில். அவர் அக்குறணைக்காரர். கண்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் மாடியில் அவருடைய ஸ்டூடியோ. அந்த ஓர் இருட்டறையை வேறு படப்பிடிப்பாளர்களும் பாவித்தார்கள். ஒருமுறை காய்ந்துகொண்டிருந்த நெகட்டிவ்கள் மாறிவிட்டன. கடுகண்ணாவையில் ஒரு வீட்டுக்கு வேறு யாருடையவோ சாமத்தியச் சடங்குப் படங்கள் போயின. பெண்ணின் தகப்பன் ஸ்டூடியோ வாசலில் வந்து நின்று கத்தினார்.

அதற்குப் பிறகுதான் அப்பா அதைச் செய்தார். மணிக்கூடு திருத்துபவரிடம் ஊசி போன்ற அரம் ஒன்றை இரவல் வாங்கினார். கமராவின் பின்கதவைத் திறந்து, பிலிம் படிகிற சட்டத்தின் கீழ் விளிம்பில், இடது மூலையில், மிகச் சிறிய முக்கோணமாக அராவினார். தூள் உள்ளே விழாமல் ஈரத் துணி வைத்திருந்தார். அம்மா அறையை விட்டு எழுந்து போய்விட்டா. "கையை வெட்டினாலும் பாத்துக்கொண்டிருப்பன்" என்றா.

கமராவுக்குள் உருவம் தலைகீழாக விழும். ஆகவே சட்டத்தின் கீழே இடது பக்கம் அராவினால், படத்தில் மேலே வலது பக்கம் தெரியும். அந்தக் கமராவில் எடுத்த ஒவ்வொரு நெகட்டிவிலும் அந்த முக்கோணம் ஓரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். பெரிதாக்கிப் போடும்போது ஓரம் மறைந்துவிடுவதால் வெளியாட்களுக்குத் தெரியாது. இருட்டறையில் நிற்பவர்களுக்கு மட்டும் தெரியும். அவர்கள் அதைப் 'பல்லு' என்றார்கள். உலகத்தில் வேறெந்தக் கமராவுக்கும் அந்த இடத்தில் அந்த அளவில் அப்படியொரு பல் இருந்திருக்காது.

மகேந்திரராசா மாமா அப்பாவின் அலுவலகத்தில் சாமான் கணக்கு எழுதும் களஞ்சிய லிகிதர். சொந்த மாமா அல்ல, ஊர்க்காரர். அப்பாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். கல்யாண வீடுகளில் அப்பாவுக்குப் பின்னால் ஃபிளாஷைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பார். சாப்பாட்டு மேசை எங்கே இருக்கிறது என்பதை மாப்பிள்ளைக்கு முன் கண்டுபிடிப்பார். கமராவைக் கையில் கொடுத்தால் திருப்பித் தர மனமில்லாமல் தருவார்.

"நவம் அண்ணை, நீங்கள் செத்தா இது எனக்குத்தானே?"

"நான் செத்தா என்னோட வைச்சு எரிப்பாங்கள். நீ துரையைத் தேடிப் போய் வேற வாங்கு."

இருட்டறைக்குள் மட்டும் மாமா வரமாட்டார். அங்குள்ள மருந்து மணம் அவருக்கு இழுப்பைக் கொண்டுவரும். ஆகவே பல்லைப் பற்றி அவருக்குத் தெரியாது. யாரும் மறைக்கவில்லை. பேச்சு வரவில்லை, அவ்வளவுதான்.

எண்பத்து மூன்று ஜூலையில் கண்டி நகரத்தில் கடைகள் எரியத் தொடங்கிய பகல், அப்பாவும் மாமாவும் அலுவலகத்தில் இருந்தார்கள். முந்தைய நாள் ஒரு திறப்பு விழா. அதனால் கமரா அப்பாவின் மேசையில் இருந்தது. எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டையில், தமிழர் வீடென்று எல்லோருக்கும் தெரிந்த வீடு. மாமா அஸ்கிரியவில் ஒரு சிங்கள ஆசிரியரின் மேல்மாடியில் குடியிருந்தார். அந்த மனிதர் வாசலில் நின்றால் யாரும் உள்ளே வரமாட்டார்கள். அப்பா கமராப் பையை மாமாவின் தோளில் மாட்டிவிட்டு எங்களைத் தேடி ஓடிவந்தார்.

லாபிர் நானா தன் வான் வண்டியை அனுப்பினார். அக்குறணையில் அவருடைய வீட்டில், அவருடைய மனைவி றலியாவின் உடுப்புகளை உடுத்திக்கொண்டு, நாங்கள் இருந்தோம். எங்கள் வீடு எரிந்தது என்ற செய்தி அங்கேதான் வந்தது. அப்பா கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "கமரா தப்பியிருக்கும். அது இருந்தா எழும்பிடலாம்" என்றார். அம்மாவும் அதையே நம்பினா. அந்த நம்பிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கண்டிக்குத் திரும்பினோம்.

மாமா இடது கையில் மாக்கட்டோடு வந்தார். வழியில் காடையர் மறித்தார்களாம். பையைக் கேட்டார்களாம். விடவில்லையாம். கையை அடித்து முறித்துவிட்டுப் பறித்துக்கொண்டு போனார்களாம்.

அப்பா அழுதார். வீட்டுக்கு அழாதவர், அன்று மாக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார். "இரும்புச் சாமானுக்காக ஏன்டா கையைக் குடுத்தனி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதை நாங்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டோம்.

அடுத்த வருடம் மஸ்கட்டிலிருந்து அப்பாவுக்கு வேலை வந்தது. முன்பு அவரோடு வேலை செய்த ஒரு பொறியியலாளர் அங்கே பெரிய கட்டுமான நிறுவனமொன்றில் இருந்தார். அப்பாவைக் கூப்பிட்டார். எங்களிடம் அப்போது இரண்டு வாடகை அறைகள், யாரோ தந்த ஓர் அலுமாரி, சட்டி பானைகள். அம்மா எரிந்த வீட்டின் அத்திவாரத்தில் மறுபடி கட்டுவதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தா.

அப்பா அந்த வேலையை மாமாவுக்குக் கொடுத்தார். பொறியியலாளரோடு பேசி, படவரைஞருக்குப் பதிலாகக் களஞ்சியத்துக்கு ஆள் எடுக்க வைத்தார்.

"உங்களுக்கென்ன விசரோ?" என்று அம்மா கேட்டா. "எங்களுக்கு வீடில்லை. அவன் தனி ஆள்."

"என்ர சாமானுக்காகக் கை முறிஞ்ச பெடியன், பத்மா. அந்தக் கை இனிச் சரியா மடங்காது. நான் போய் அங்க உழைச்சு எப்பிடிச் சாப்பிடுறது?"

அம்மாவுக்கும் அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். மாமா புறப்பட்டபோது மிளகாய்த்தூள் இடித்துக் கொடுத்தா. பிறகு ஒவ்வொரு வருடமும் மஸ்கட்டுக்குப் போகும் யாரையாவது தேடிப் பிடித்து அனுப்பினா. செத்தல் மிளகாய் வறுக்கும்போது இரண்டு அறையிலும் இருக்க முடியாது. அவவுக்கு இருமல் கிழமைக்கணக்கில் நிற்கும். "எங்களுக்காகக் கை குடுத்த பிள்ளை" என்பா. பொதியைக் கட்டி, மேலே பெயர் எழுதி, கொண்டுபோய்க் கொடுப்பது அப்பாவின் வேலை.

அப்பா பிறகு கமரா வாங்கவில்லை. இருட்டறைக்கும் போகவில்லை.

எண்பத்தெட்டில் பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்தன. பேராதனையில் மின்பொறியியல் படித்துக்கொண்டிருந்த நான் வீட்டில் இருந்தேன். மஸ்கட்டிலிருந்து விடுமுறையில் வந்த ஒருவர் ஒரு நெகட்டிவ் உறையைக் கொண்டுவந்தார். மாமா கல்யாணம் செய்து, பிள்ளைக்கு முதலாவது பிறந்த நாள். வளைகுடாவில் இருந்தவர்கள் அப்போது அப்படித்தான் செய்தார்கள். விழாவுக்கு வராத சொந்தக்காரருக்கெல்லாம் பிரதிகள் ஊரிலேயே போடுவிப்பார்கள்.

"மகேந்திரராசா அண்ணை கறுப்பு வெள்ளையிலதான் எடுத்தவர்" என்றார் வந்தவர். "நவம் அண்ணை தன்ர கையால படம் போட்டுத் தரவேணுமாம். வேற ஆரும் தொடக் கூடாதாம்."

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஐந்து வருடத்தில் அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. சேட்டை மாற்றிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் புறப்பட்டார். நானும் போனேன்.

அப்பா எப்போதும் நெகட்டிவ்களைத் தாளின் மேல் நேராக அடுக்கி, ஒரே தாளில் எல்லாவற்றையும் சின்னச் சின்னதாகப் பதித்துப் பார்ப்பார். அன்றும் அதைத்தான் செய்தார். சிவப்பு விளக்கின் கீழ் தாளை மருந்தில் போட்டார். தட்டை மெல்ல ஆட்டினார். லாபிர் நானா பக்கத்தில் நின்றார். பிள்ளையின் முகம் வந்தது. கேக் வந்தது. கறுப்புக் கரைகள் வந்தன. கரைகளுக்குள், ஒவ்வொரு படத்தின் வலது மேல் மூலையிலும், பல் வந்தது.

முதலில் பேசியவர் லாபிர் நானா.

"ஐயா, இது ஒங்கட பல்லெல்லா?"

அப்பா தட்டை ஆட்டுவதை நிறுத்தவில்லை.

"அப்பா, இது எங்கட கமரா" என்றேன்.

"கதவைத் திறந்திடாதை. தாள் கறுத்திடும்."

"அப்பா!"

"தெரியுது பிள்ளை. எனக்கும் கண் இருக்கு."

தாளை எடுத்தார். கழுவினார். பிறகு அன்று மாலை முழுக்க எல்லாப் படங்களையும் பெரிதாக்கிப் போட்டார். ஒன்றில்கூடக் கவனக்குறைவு இல்லை. பிள்ளையின் கன்னம் கறுத்துப் போகாமல் தன் உள்ளங்கையால் வெளிச்சத்தை மறைத்து மறைத்துப் போட்டார். லாபிர் நானா என்னைப் பார்த்தார். "அந்த ஆளுட கன்னத்துக்கு ரெண்டு குடுக்காம, புள்ளட கன்னத்தப் பாக்கிறாரே" என்று மெல்லச் சொன்னார். அப்பாவுக்குக் கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அப்பா சொன்னார்: "பறிச்சவங்கள் வித்திருப்பாங்கள். அது கை மாறிக் கை மாறி அங்க போயிருக்கும். அவன் தெரியாமல் வாங்கியிருப்பான். நான் கேக்கிறன். நீ அம்மாட்டச் சொல்லாதை."

சில மாதம் கழித்துக் கேட்டேன். "கேட்டன். அங்க கடையில ஒரு மலையாளி வித்ததாம்" என்றார்.

கண்டியில் பறித்த கமரா மஸ்கட்டில் ஒரு கடைக்குப் போய், அதை அதே மனிதர் வாங்குவதற்கான சாத்தியம் மிகக் குறைவு. ஆனால் பூச்சியம் அல்ல. சொன்னவர் அப்பா. எடுத்துக்கொண்டேன். அந்த வருடமும் அம்மா மிளகாய் வறுத்தா. அப்பா பொதியைக் கட்டி, பெயர் எழுதி, கொண்டுபோய்க் கொடுத்தார்.

தொண்ணூற்றிரண்டில் மாமா விடுமுறையில் வந்தார். நான் வேலையில், ஒரு மின் நிலையத்தில். சந்திக்கவில்லை. "வந்து சாப்பிட்டுப் போனவன்" என்று மட்டும் அப்பா சொன்னார். தொண்ணூற்றெட்டில், மாமா மஸ்கட்டை விட்டு ரொறொன்ரோவுக்குப் போக முந்தியே, அம்மா இறந்தா. அதே இரண்டு அறையில். எரிந்த அத்திவாரத்தில் புல் முளைத்துக் கிடந்தது.

இப்போது என் திரையில் இருந்த படம் அதே அறையில் எடுத்தது. சுவரில் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுக் கலண்டர். அப்படியென்றால் அந்தக் கமரா எங்கள் வீட்டுக்கே வந்து திரும்பிப் போயிருக்கிறது.

மாமாவின் அஞ்சலியைத் திறந்தேன். 'அண்ணனின் கமராவைக் காடையரிடமிருந்து காக்க முயன்று என் கை முறிந்தது. அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கண் கலங்குவார்' என்று எழுதியிருந்தார்.

தொலைபேசி எடுத்தேன்.

"ஆர், பிள்ளையோ? படம் கிடைச்சதோ? பெடியன்தான் ஸ்கான் பண்ணித் தந்தவன்."

"கிடைச்சது. எந்தக் கமராவில எடுத்தது மாமா?"

பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"மூலையில பல்லிருக்கு" என்றேன்.

"ஓ. அது." மூச்சு இழுத்தது. "கொப்பாவுக்குத் தெரியும், பிள்ளை. நான் திருப்பிக் குடுக்கத்தான் கொண்டு வந்தனான். கொம்மா குசினிக்குள்ள நிண்டவ. நான் பையைத் திறந்து, வாயைத் திறக்க முந்தியே சொல்லிப்போட்டார், பல்லைக் காட்டிப் படம் அனுப்பினனி, இப்ப என்னடா வெக்கம் எண்டு. பிறகு அரம் வாங்கின கதையைச் சொன்னார். எனக்கு அண்டைக்குத்தான் தெரியும்."

"முந்தி உங்களிட்ட ஒண்டும் கேக்கயில்லையோ? மலையாளி, கடை..."

"எந்த மலையாளி?"

நான் கதிரையில் உட்கார்ந்தேன்.

"கை எப்பிடி முறிஞ்சது?"

"அஸ்கிரியப் படியில விழுந்தனான். ஓடேக்க. கமராவை மேல தூக்கிப் பிடிச்சுக்கொண்டு விழுந்தனான், மற்றக் கை கீழ மாட்டுப்பட்டுது. அதில ஒரு கீறல் விழவிடேல்லை, பிள்ளை. எனக்கும் அதில ஒரு பங்கு இருக்கெண்டு அப்ப மனம் சொல்லிச்சுது. ஒரு கிழமை வச்சிருந்திட்டுக் குடுப்பம் எண்டுதான் அப்பிடிச் சொன்னனான். கொப்பா வந்து கட்டிப்பிடிச்சு அழுதார். பிறகு எப்பிடிச் சொல்லுறது?"

"மஸ்கட் வேலையை எப்பிடி மனம் வந்து வாங்கினனீங்கள்?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"தொண்ணூற்றிரண்டில கொண்டு வந்தனீங்கள் எண்டா, ஏன் கமரா எங்கட வீட்டில இல்லை?"

"வேண்டாம் எண்டிட்டார். வச்சிட்டுப் போறன் எண்டு கெஞ்சினனான். இதைக் கண்டா பத்மா கேப்பாள், நான் என்ன சொல்லுறது, மஸ்கட்டை ஒரு கள்ளனுக்குக் குடுத்தனான் எண்டோ சொல்லுறது எண்டார்."

"கள்ளன் எண்டு சொன்னவரோ?"

"ஓம். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவர். பிறகு சேட்டு நுனியால லென்ஸைத் துடைச்சார். ஒழுங்கா வச்சிருக்கத் தெரியாதோ எண்டு பேசினார். யன்னலைப் பாத்து வெளிச்சத்தைத் தானே வச்சுத் தந்திட்டு, போய்க் கதிரையில இருந்தார். எடு எண்டார். எடுத்தனான். கமராவைப் பைக்குள்ள வைக்க, கொம்மா தூள் போத்தலோட வந்தவ."

"வாங்கினனீங்களோ?"

"என்ன?"

"தூளை."

"வாங்கினனான், பிள்ளை."

அதற்குப் பிறகும் ஆறு வருடம் அம்மா உயிரோடு இருந்தா. ஆறு முறை வறுத்தா. ஒவ்வொரு முறையும் அப்பா வாசலில் உட்கார்ந்து அந்த இருமலைக் கேட்டுக்கொண்டிருந்தார். 'போதும், இனி அனுப்பாதே' என்று சொல்ல ஒரு காரணம் தேவை. காரணம் சொன்னால் அம்மா கேட்பா. மாமா திருடியது ஒரு கமராவை. அதை என்னால் கணக்கில் எடுக்க முடியும். அப்பா எங்களிடமிருந்து எடுத்ததை எப்படி அளப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எரித்து முடித்து, சாம்பலை மகாவலியில் கரைத்த பிறகு, யாரிடம் கேட்பது?

"இப்ப அது எங்க?"

"இஞ்ச அலுமாரிக்குள்ள இருக்கு. இப்ப ஆர் பிலிம் போடுகினம்? உனக்கு அனுப்பட்டோ?"

வேண்டாம் என்ற சொல் வாய்வரை வந்தது. அது அப்பா சொன்ன சொல்.

"அனுப்புங்கோ" என்றேன். "இன்னொண்டு. காடையர் எண்ட வசனத்தை வெட்டுறன். படியில விழுந்து கை முறிஞ்சது எண்டு போடுறன்."

"சனம் என்ன நினைக்கும், பிள்ளை?"

தொலைபேசியை வைத்தேன்.

மலரை அச்சடித்தவர் கண்டியில் சிறிய அச்சகம் வைத்திருக்கும் அழகர். சண்டையில் ஊருக்குப் பாதை பூட்டியிருந்ததால் அளவெட்டிக்கு அனுப்ப வழியில்லை. கண்டிக்கு மட்டும் போதுமான அளவுக்கு அடிக்கச் சொல்லியிருந்தேன். அவர் படத்தைத் திரையில் போட்டு அட்டையில் பொருத்திக் காட்டினார்.

"அருமையான படம்ங்க மிஸ். ஐயா அப்படியே பேசுற மாதிரி இருக்காரு. இந்தக் கறுப்புக் கரைய எடுத்துறவா? மூலையில ஏதோ பிசிறு தெரியுது பாருங்க. வெட்டிட்டா நீட்டா இருக்கும்."

"வெட்ட வேண்டாம். அப்பிடியே போடுங்கோ."

"அது என்னான்னு எல்லாரும் கேப்பாங்களே?"

அப்பா திரையிலிருந்து தன் கமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கட்டும்" என்றேன்.